அம்மனுக்கு இரண்டு, அரசாங்கத்துக்கு இரண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று அப்பா போன நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஆடியிலும் நோட்டை எடுத்து உட்காருவேன். அப்பாவின் பெயர் கெட்டுவிடுமோ என்று ஒரு பயம் வரும். அம்மன் காரியத்தைக் கேலி செய்தது போல ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம் வரும். உடனே மூடிவைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். தோத்திரம் பார்த்து எழுதியதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமும் கிடையாது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அக்காவிடம் போனில் கேட்டேன். "எழுதேன்டி. நான் அழுததா மட்டும் எழுதிடாதே" என்றாள். எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது எழுத வைத்தது என் பேரன்தான். மருமகளுக்குப் பிரசவம் ஆனதும் என் மகன் பதினைந்து நாள் லீவு போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தான். சென்ட்ரல் கவர்மென்ட் வேலை. குழந்தை பிறந்தால் தகப்பனுக்கும் லீவு உண்டாம். "பெத்தது அவ, லீவு உனக்காடா?" என்று கேட்டேன். அவன் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வருகிறதா என்று தட்டிக்கொண்டே, "கவர்மென்டே கொடுக்குதும்மா, உனக்கு என்ன?" என்றான். அந்த நேரம் பார்த்து டி.வி.யில் யாரோ ஒரு பெரியவர், மக்கள் தொகை குறைந்துபோகிறது, பிள்ளைகளை நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தார். "ஐயா, இதை ஐம்பது வருஷம் முன்னாடி வந்து எங்க அப்பாகிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று டி.வி.யைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். மருமகள் பயந்துபோனாள்.

நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் இல்லாத சுவர் அப்போது உண்டா? பஸ்ஸின் முதுகில் இருக்கும், தீப்பெட்டியில் இருக்கும், சினிமாக் கொட்டகையில் படம் போடுவதற்கு முன்னால் வரும். முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பையன், ஒரு பெண். அந்தப் படத்து அப்பா எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார். காலில் செருப்புப் போட்டிருப்பார். எங்கள் ஊரில் செருப்புப் போட்டுக்கொண்டு சிரித்த அப்பா ஒருவரும் கிடையாது.

எங்கள் அப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்திலிருந்து நாலு மைல் உள்ளே, வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு மதகு ஷட்டர்கள் அவர் பொறுப்பு. காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துண்டு, ஷட்டரைத் திருப்பும் இரும்புக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படங்களுக்குக் கீழே சாய்த்து வைப்பார். எங்கள் உயரம் இருக்கும். அதன் மேல் மசகு எண்ணெய் வாசமும் விபூதி வாசமும் கலந்து வரும். ஆனி மாதம் புதுத் தண்ணீர் வரும்போது அதற்கு முன்னால் வாய்க்காலுக்குள்ளேயே நடந்து வருவார், அடைசலை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு. சருகும் நுரையுமாக அவர் குதிகாலைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் வருவதைப் பார்த்தால், அவர்தான் அதைக் கயிறு கட்டிக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று நாங்கள் நினைப்போம்.

நாங்கள் நாலு பேர். அக்கா, அண்ணன், நான், தம்பி. அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து பத்து நாளில் தவறிவிட்டது. அதனால் நான் பிறந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை அம்மனுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். கோயில் வாசற்படியில் என்னைக் கிடத்தி, "இது உன் பிள்ளை தாயே" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாளாம். பூசாரி என்னைத் தூக்கி, ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு, "அம்மன் பிள்ளை, வளர்த்துக் கொடு" என்று அப்பாவிடம் கொடுத்தாராம். கல்யாணத்துக்கு முன்னால் காணிக்கை வைத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை பிள்ளை அம்மனுடையது. நான் நன்றாகத் தேறிவந்தேன் என்பதால், தம்பியையும் அதே படியில் கிடத்தினார்கள்.

ஊரில் எல்லோரும் இதை ஒரு சடங்காகச் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். அப்பா மறக்கவில்லை. அக்காவும் அண்ணனும் தப்புச் செய்தால் முதுகில் விழும். எங்கள் இருவர் மேல் கை வைக்கமாட்டார். "அது என் புள்ளையா? அடிச்சா அவளுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். தம்பி ஒருமுறை அண்ணனின் மண்டையை ஸ்லேட்டால் உடைத்தான். அப்பா அண்ணனைத்தான் அடித்தார், ஏன் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று.

இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் இருவரையும் குளிப்பாட்டிக் கூட்டிப்போய் சன்னிதியில் நிறுத்தி, அம்மனிடம் எங்களைப் பற்றி ஒப்புவிப்பார். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே.

"தாயே, உன் பொண்ணுக்கு மேல்வரிசைல முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு. கூரையில போட்டாச்சு. ஆறாம் வாய்ப்பாடு தட்டுது. பனங்கிழங்கு ரெண்டு சேர்த்துக் கேட்டா, வயித்துக்கு ஆகாதுன்னு கொடுக்கல. பையனுக்குப் போன செவ்வாய் ஜுரம் வந்து வியாழன் விட்டுது..."

பூசாரி கற்பூரத்தட்டோடு நின்று பார்ப்பார். "யோவ் லஸ்கரு, அவளுக்குத் தெரியாததா? சீக்கிரம் முடிய்யா, கற்பூரம் கரையுது" என்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. உலகத்திலேயே கர்வம் பிடித்தவள் நான்தான். அப்போதுதான் அப்பாவுக்கு மேலதிகாரியான ஓவர்சீயர் சைக்கிளில் வந்தார்.

நான் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். ஓவர்சீயர் ஷட்டர் கட்டையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"தஞ்சாவூர்லேர்ந்து பெரிய அதிகாரி வர்றாருய்யா. நம்ம ஷட்டரைத் தொறந்து வச்சு, பள்ளிக்கூடத்துல சிறு குடும்ப விழா. நம்ம டிப்பார்ட்மென்ட்லேர்ந்து ரெண்டு புள்ளை உள்ள ஒரு ஊழியனைக் குடும்பத்தோட மேடையேத்தணுமாம். என் செக்‌ஷன்ல எவன் இருக்கான்? ஒருத்தனுக்கு ஏழு. ஒருத்தனுக்கு ஆறு. ஒருத்தனுக்குக் கல்யாணமே ஆகல."

"அவனைக் காட்டலாங்களே ஐயா, இன்னும் சின்னக் குடும்பம்" என்றார் அப்பா. அவர் நிஜமாகவே யோசனை சொன்னார்.

ஓவர்சீயர் முறைத்தார். "இருக்கிறதுலயே குறைச்சல் நீதான். நாலு. ஆளும் படத்துல இருக்கிற மாதிரி இருக்கே. ஒரு நாளைக்கு ரெண்டை எங்கயாவது அனுப்பிடு."

"பொய் சொல்லமாட்டேனுங்க."

"நான் சொல்லச் சொல்றேனா? எத்தனை புள்ளைன்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லு."

அப்பா வாய்க்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைப்பிடியின் மேல் கையை வைத்தார். பிறகு மெதுவாக, "ரெண்டுதாங்க. மத்தது ரெண்டும் அம்மனோடது" என்றார்.

ஓவர்சீயருக்குப் போன உயிர் வந்தது. "இது போதும்யா! இதைவிட நியாயமா எவன் சொல்லுவான்?" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குக் கஞ்சித் தூக்கு கையிலேயே இருந்தது. அப்பா வாங்கிக் குடித்தார்.

வீட்டில் அக்காவுக்குப் புதுத் தாவணி வந்தது. அண்ணனுக்கு முழுக்கால் சட்டை. அப்பாவுக்கு ஓவர்சீயரே தன் பழைய செருப்பைக் கொடுத்தனுப்பினார், படத்தில் இருப்பது போல இருக்க வேண்டும் என்று. அப்பா அதைப் போட்டுக்கொண்டு கொல்லையில் நடந்து பழகினார், வாத்து மாதிரி. மேடையில் எவர்சில்வர் குடம் கொடுப்பார்களாம். அம்மா அதை எங்கே வைப்பது என்று முந்தின வாரமே இடம் ஒழித்துவிட்டாள்.

நான் அம்மாவிடம் போய் நின்று, "நான் யாரு பொண்ணும்மா?" என்று கேட்டேன்.

அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஒரு நாளு அம்மன் பொண்ணு. நாளன்னிக்குப் பாத்திரம் தேய்க்கிறப்ப என் பொண்ணு. போடி."

எனக்கு அது போதவில்லை. எழுதி வைத்தது போலச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம்தான். அதிகாரி எழுதிக்கொண்டு போகிற தாளில் இரண்டு என்று எழுதிவிட்டால், அப்புறம் நான் எந்தத் தாளில் இருப்பேன்? ரேஷன் கார்டில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அது சர்க்கரைக்காக எழுதினது.

விழா நாள் காலையில் அப்பா எங்கள் இருவரையும் கோயிலில் கொண்டுவந்து விட்டார். "தாயே, உன் பிள்ளைங்களை மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கோ" என்று அம்மனிடம் சொன்னார். பூசாரியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பூசாரிக்கு ஏழு பிள்ளைகள். "ஊர்ல இருக்கிற புள்ளையெல்லாம் இவ தலையில கட்டிட்டா, அப்புறம் அதிகாரி அம்மனைத்தான் பிடிச்சுக்கிட்டுப் போவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே எங்களுக்கு ஆளுக்கொரு கை சுண்டல் போட்டார்.

பள்ளிக்கூடம் கோயிலுக்கு அடுத்த மதில்தான். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எங்கள் பக்கம் பார்த்தே இருந்தது. மேடையில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். பேச்சு முழுவதையும் நான் என் காதால் கேட்டேன்.

அதிகாரியின் குரல் நல்ல கணீரென்ற குரல். அவர் ஷட்டரைத் திறந்துவிட்டு வந்த உற்சாகத்தில் இருந்தார். "அளவான குடும்பத்துத் தகப்பனுக்குத் தன் பிள்ளைகளைப் பற்றி எல்லாம் தெரியும். ஏழும் எட்டும் பெற்றவனுக்குப் பெயரே மறந்துபோகும். இதோ நம் லஸ்கர் இருக்கிறார். நான் கேட்கிறேன், அவர் சொல்லுவார், நீங்கள் பாருங்கள்" என்றார். இதை ஓவர்சீயர் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு என்ற ஒரு சொல்லைத்தான் பழக்கிவைத்திருந்தார்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ரெண்டுங்க." நான் சுண்டலைக் கீழே வைத்தேன்.

"பொண்ணு எப்படி இருக்கு? உடம்பு, படிப்பு எல்லாம் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிரில் பெரிய மனிதர், கேள்வி பிள்ளையைப் பற்றி. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் வாய் தானாகப் போய்விட்டது.

"பொண்ணுக்கு மேல்வரிசைல முன்பல்லு ரெண்டும் விழுந்து, ஒண்ணு இப்ப மொளைக்கிதுங்க. பனங்கிழங்குன்னா உயிரு. ஆறாம் வாய்ப்பாடு தேறிட்டா, ஏழு தட்டுது. ராத்திரி தூக்கத்துல பாட்டுப் பாடுவா. இடது முழங்கால்ல ஒரு தழும்பு, வைகாசியில படித்துறையில விழுந்தது..."

பூசாரி என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "அடியே, உன் பல்லையில்ல உங்கப்பன் ஊரெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கான்!"

மேடையில் நின்ற அக்காவுக்குப் பதின்மூன்று வயது. பல் எல்லாம் வரிசையாக இருந்தது.

"என்ன கிளாஸ் படிக்குது?"

"மூணாங் கிளாஸுங்க."

"எட்டாவதுப்பா" என்று அக்காவின் குரல் மைக்கில் விழுந்தது. கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"சரி, பையன்?"

"பையன் ஒண்ணாங் கிளாஸுங்க. ஸ்லேட்டுக் குச்சியைத் தின்னுடறான். மத்தபடி கெட்டிக்காரன்."

அண்ணனுக்கு அப்போது பதினொன்று. முழுக்கால் சட்டையில் விறைத்துக்கொண்டு நின்றான். இன்றைக்கும் கூடப் படித்த அவன் சோட்டுக்காரர்கள் அவனை ஒண்ணாங் கிளாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவனை.

அதிகாரி சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். குரல் இறங்கியிருந்தது. "என்னப்பா இது? யார் பிள்ளைகளைப் பத்திச் சொல்றீங்க?"

அப்போது அப்பா சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"மன்னிச்சுக்கணுங்க. எனக்கு நாலுங்க. பின்னாடி ரெண்டு அம்மனுக்குக் கொடுத்தது. அதுங்களைப் பத்தி வாரா வாரம் அவளுக்குச் சொல்லணும், அதனால கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பேன். அதான் வாயில வந்துருச்சு."

"அப்ப இந்த ரெண்டு பேரு?"

"இவங்களைப் பத்தி இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்க."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. கோயிலில் நானும் தம்பியும் எழுந்து குதித்தோம். நாலு என்று சொல்லிவிட்டார்! மைக்கில் சொல்லிவிட்டார்! என் பல், என் தழும்பு, நான் தூக்கத்தில் பாடுவது எல்லாம் பாபநாசம் வரை கேட்டிருக்கும் என்று நான் தம்பியிடம் சொன்னேன். அந்த நிமிஷம் அக்கா மேடையில் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு வயதில் தோன்றவில்லை, சரி. முப்பது வயதில்கூடத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம். விட்டுப்போன பிள்ளைகள் நாங்கள்தான் என்று அத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

குடம் மேடையிலேயே நின்றுவிட்டது. அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "ஒண்ணாங் கிளாஸாம், மூணாங் கிளாஸாம். என்னங்க, என்னைப் பத்திக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? யாரு வீட்டுப் பொம்பளையைச் சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அக்கா தாவணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். முகம் கழுவினாள். அன்று நிறைய நேரம் முகம் கழுவினாள்.

மறுநாள் காலை ஓவர்சீயர் வந்தார். வேலை போய்விட்டது என்றே அம்மா நினைத்துவிட்டாள். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு படிவத்தை நீட்டினார். "உனக்காக அந்த அதிகாரி கால்ல விழாத குறைதான். நாலு பெத்தவன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டே. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டா விட்டுடுறேன்னாரு. ஆள் பிடிக்கிற கணக்குல உன்னால எனக்கும் ஒரு கேஸ் ஆச்சு. போடு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நாலையே அடையாளம் தெரியல. அஞ்சு எதுக்கு?" என்று உள்ளே போய்விட்டாள்.

படிவத்தில் பெயர், வயது, வேலை எல்லாம் ஓவர்சீயரே கடகடவென்று எழுதிக்கொண்டு வந்தார். உயிருடன் உள்ள பிள்ளைகள் என்று ஒரு கட்டம் வந்தது. "நாலுன்னு போட்டுக்கிறேன்" என்றார்.

"இருங்க ஐயா. அதை நான் எழுதறேன்" என்றார் அப்பா.

அவர் எழுத்துக் கூட்டி எழுதுகிறவர். பேனாவை வாங்கிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள். அதைத் தாண்டி வெளியே வரவில்லை.

"உனக்கு எத்தனை வயசும்மா?"

அக்கா பேனாவைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. எழுதணும்."

"இன்னொரு தடவை கேளுங்க" என்றாள் அக்கா.

அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். ஓவர்சீயர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இன்னொரு தடவை கேட்டார். அக்கா வயதைச் சொன்னாள். பிறகு அவர் கேட்காமலே, எனக்குக் கணக்கு வரும், பூகோளம் வராது, கத்தரிக்காய் பிடிக்காது, அதை அஞ்சு வருடமாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றெல்லாம் சொன்னாள். அந்தக் கட்டத்தில் இவ்வளவுக்கும் இடம் இல்லை. ஆனாலும் அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஓவர்சீயர் இறங்கிச் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டார். அண்ணன் தானாகவே வந்து வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் தம்பி. கட்டம் போதாமல் அப்பா எங்கள் பெயர்களைத் தாளின் ஓரத்தில் செங்குத்தாக எழுதினார். தம்பியின் பெயர் ஆபீஸ் முத்திரைக்கு மேலேயே ஏறிவிட்டது.

குடும்பத்தைக் குறைப்பதற்காக அரசாங்கம் அச்சடித்த தாள் அது. எங்கள் நாலு பேரையும் ஒன்றாக, தன் கையால், அப்பா எழுதிய ஒரே தாளும் அதுதான். பாபநாசத்து முகாமுக்கு அதை எடுத்துக்கொண்டு போனார், ஆபரேஷன் செய்துகொண்டதற்குக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் வாளியோடு திரும்பிவந்தார். தாள் எந்த ஆபீஸ் பீரோவில் செல்லரித்துப்போனதோ தெரியாது. அதனால்தான் இங்கே எழுதிவைத்தேன்.

சகோதரிகளே, இதைப் படித்தவர்கள் உங்கள் மருமகளிடம், பேத்தியிடம் சொல்லுங்கள். சிரிப்புக்காக ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ள உங்களுக்குத் தோன்றும், தயவுசெய்து சேர்க்காதீர்கள். அப்பாவை இதைவிட நல்லவராக்கவும் வேண்டாம், கெட்டவராக்கவும் வேண்டாம். பிள்ளைகள் நாலு என்றே சொல்லுங்கள். நாலையும் அவர் எழுதின வரிசையிலேயே சொல்லுங்கள்.

முதலில் அக்கா.